கோல் விழாத ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கீழ்வானம்: நேற்று கண்விழித்து ஒரு கால்பந்து ஆட்டம் பார்த்தேன். முடிவு 0-0. 90 நிமிடத்தில் பந்து ஓடிய நேரம் ஒரு மணிகூட இருக்காது. மீதி நேரமெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு உருளுவது, நடுவரைச் சூழ்ந்து கத்துவது. இதைப் போய் எப்படி அழகு என்கிறீர்கள்?

நடுக்களம்: உருளுவதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் கோல் குறைவாக விழுவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். கோல் மழையாகக் கொட்டினால் பலசாலிதான் ஜெயிப்பான். ஒன்று போதும் என்றால் எளியவனுக்கும் வழி பிறக்கிறது. 2004 யூரோ கோப்பையில் கிரீஸ் காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகல் என மூன்று அணிகளையும் 1-0 என்றே சாய்த்தது. மூன்றுமே தலையால் முட்டிய கோல்கள்.

கீழ்வானம்: அந்த கிரீஸ் ஆட்டங்களில் எனக்குக் கொட்டாவிதான் மிச்சம். எல்லோரும் பின்னால் நின்று கோட்டை கட்டினார்கள். ஜெயித்தார்கள், சரி. அழகு எங்கே?

மழைத்துளி: அழகுதானே? 1970 உலகக் கோப்பை இறுதி, 86ஆவது நிமிடம் பாருங்கள். பிரேசிலின் க்ளோடோவால்டோ தன் பாதிக் களத்திலேயே இத்தாலியர் நால்வரை ஏமாற்றிப் பந்தை நகர்த்துகிறார். இடப்பக்கமாகப் போன பந்து ஜெய்ர்சின்யோ வழியாகப் பெலேவிடம் வருகிறது. பெலேவிடம் அவசரமே இல்லை. வலப்பக்கம், ஆளில்லாத இடத்துக்கு மெதுவாக உருட்டிவிடுகிறார். யாருக்கு என்று நமக்குப் புரியுமுன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடிவந்து, வேகம் குறையாமல் அடிக்கிறார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த உருட்டலைத்தான்.

கீழ்வானம்: அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது அந்தக் காலம். இப்போது விஏஆர் (நடுவருக்கு உதவும் வீடியோ மறுபார்வை) வந்தபின், ஆடுபவனின் தோள்பட்டை எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் துளி தாண்டியதா என்று கோடு போட்டுப் பார்க்கிறார்கள். கோல் அடித்துக் கையை உயர்த்தி ஓடியவன் பாதியில் நின்று நடுவர் முகத்தைப் பார்க்கிறான்.

நடுக்களம்: விஏஆர் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனாலும் அந்தக் காலத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-0 என்று பின்தங்கிய பிரான்சுக்கு எம்பாப்பே இரண்டே நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். அப்புறம் கூடுதல் நேரம், 3-3, ஆட்டம் முடியும் தறுவாய். பிரான்சின் கோலோ முவானி தனியாகக் கோல்கீப்பரின் முன்னால் நிற்கிறார். அடித்த பந்தை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் இடதுகாலை நீட்டித் தடுத்தார். நான் நாற்காலியைவிட்டு எழுந்தது அப்போதுதான். கோல் விழாத அந்த ஒரு நொடிக்காக.

கீழ்வானம்: அந்த ஆட்டத்தை இன்று முழுசாகப் பார்க்கிறேன். உருளுவதற்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.