‘பாசேஜ்’: கணுவா, கரணையா?

அனைவருக்கும் வணக்கம்.

மொரீசியஸில் தமிழ் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ட்வைன் செயலியில் ஊடாடு புனைவு (வாசகரே அடுத்த போக்கைத் தேர்ந்து படிக்கும் கதை) எழுதப் பாடக்குறிப்பு தயாராகிறது. ‘பாசேஜ்’ என்ற சொல்தான் இடிக்கிறது. திரையில் ஒரு பெட்டி, உள்ளே கதையின் ஒரு கூறு, கடைசியில் வாசகர் சொடுக்கும் இணைப்புகள். ‘பத்தி’ என்றால் ஒரே பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘பக்கம்’ என்றால் வரிசையாக எழுதுகிறார்கள். ‘கணு’ எனலாமா? கரும்பில் முளை கிளம்பும் இடம் எது என்று இந்தத் தீவில் விளக்க வேண்டியதில்லை.

---

வணக்கம் ஐயா.

கணு ஒரு புள்ளி. பெட்டிக்குள் இருப்பதோ ஒரு துண்டு. நடவுக்கு வெட்டும் கரணையில் இரண்டு மூன்று கணு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு முளை. பெட்டியைக் ‘கரணை’ என்பதே பொருத்தம்.

இன்னொன்று. கிளைப்பதற்குச் சொல் தேடுகிறோம், சேர்வதற்கும் வேண்டும். மாணவர்கள் சறுக்குவது அங்கேதான். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு தெரிவு வைத்து, எங்கும் சேராமல் ஐந்து முறை கிளைத்தால் 63 பெட்டி எழுத வேண்டும். பாதியில் கைவிடுவார்கள். ஒவ்வொரு தெரிவுக்குப் பிறகும் இரு கிளையும் ஒரே பெட்டிக்குத் திரும்பினால் 16 போதும். வாசகர் தேர்ந்ததை ஒரு மாறியில் (செயலி மதிப்பை நினைவில் வைக்கும் பெயரில்) குறித்துவைத்துப் பின்னால் உரையை மாற்றிக் காட்டினால் தெரிவும் வீணாகாது.

---

அம்மா, கரணை அழகான சொல். ஆனாலும் கணுவையே விரும்புகிறேன். வலையமைப்பில் இணைப்புகள் சந்திக்கும் இடமான ‘நோட்’ என்பதற்கு அது ஏற்கெனவே வழங்குகிறது, ட்வைனின் கதை வரைபடமும் ஒரு வலைதான். சேருமிடத்தைக் ‘கூடுகணு’ என்று எளிதாகச் சொல்லலாம்.

கணுவுக்குப் பெயரிடுவதில் ஓர் எச்சரிக்கை சேர வேண்டும். ‘கொடி’ என்பதன் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் (கணினி எழுத்துக்குத் தரும் எண்) பதிவாகலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், செயலிக்கு இரண்டு வேறு பெயர்கள். இணைப்பை எழுதியதும் அதே பெயரில் ஒரு வெற்றுக் கணு முளைக்கும், மாணவர் எழுதிய கணுவுக்கு வழியே இருக்காது. வெவ்வேறு விசைப்பலகைகளில் இருவர் சேர்ந்து எழுதினால் இது நேர வாய்ப்பு அதிகம். பெயரைத் திரும்பத் தட்டாமல் நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள்.

உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். ஆய்வகக் கணினியில் உலாவித் தரவை அழித்தால் கதையும் போகும். எழுந்திருக்கும் முன் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

---

கூடுகணுவை ஏற்கிறேன் ஐயா, கணுவையும்தான். எந்த இணைப்பும் வந்து சேராத அந்தக் கணுவை ‘ஒட்டாக்கணு’ என்போமா?