இளநிலை உயிரியலில் எலக்ட்ரான் நுண்ணோக்கி

உதகை ஆசிரியர்:
எங்கள் கல்லூரியில் ஒளி நுண்ணோக்கிகள் மட்டுமே உள்ளன. இளநிலை மாணவர்களுக்காக நீலக்குறிஞ்சி மகரந்தத்தைச் சமவெளி ஆய்வகத்துக்கு அனுப்பி எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் பெறுவது பயன் தருமா?

பதில் (கோவை):
தரும் ஐயா. ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறன் (நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் எல்லை) ஏறத்தாழ 200 நானோமீட்டரோடு நின்றுவிடுவதால், மகரந்தச் சுவரின் நுண்வேலைப்பாடு ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெளிவாகத் துலங்கும். ஆனால் 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சிக்குக் காத்திருந்தால் மாணவர்கள் பட்டமே பெற்றுவிடுவார்கள்! உலர்தாவரத் தாளிலுள்ள (செடியை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்) பழைய மகரந்தமே போதும். ஸ்போரோபொல்லெனின் என்ற உறுதியான பொருளாலான அதன் சுவர் எளிதில் சிதையாது. மலையின் ஈரக்காற்று படாதவாறு சிலிக்கா ஜெல்லுடன் மூடி அனுப்புங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தேவையான மெல்லிய தங்கப் பூச்சை ஆய்வகத்தார் இடுவார்கள்.

பதில் (கொடைக்கானல்):
படத்தை மட்டும் காட்டினால் அது வெறும் சுவரொட்டியாகிவிடும். அதே மகரந்தத்தை மாணவர்கள் முதலில் ஒளி நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, பிறகு படத்தின் அளவுக்கோட்டைக் (உண்மை நீளத்தைக் காட்டும் கோடு) கொண்டு ஒப்பிடட்டும். வண்ணப் படங்களில் நிறம் பின்னர் சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.