ரைசன் 9, ஆர்டிஎக்ஸ் 4070 இருந்தும் 4கே டைம்லைன் திணறுது: ரேம் ஏத்தணுமா, கார்டு மாத்தணுமா?

வெட்டு_ஒட்டு:
ரைசன் 9 7900எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 4070, 64 ஜிபி டிடிஆர்5, விண்டோஸ் 11, டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ (எடிட்டிங் மென்பொருள்). ஃபுட்டேஜ் எல்லாம் என்விஎம்இ டிரைவில். கிளிப்புகள் 4கே 50 ஃப்ரேம், எச்.265 (வீடியோவைச் சுருக்குற முறை), 10 பிட், 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்). ஒரே ஒரு கிளிப்பைப் போட்டு ப்ளே பண்ணினாலே 30 ஃப்ரேமைத் தாண்டலை. பின்னாடி இழுத்தா அப்படியே உறைஞ்சு நிக்குது. கிரேடிங், எஃபெக்ட் எதுவும் இன்னும் போடலை. டைம்லைன் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பார்த்தாச்சு, மாற்றமில்லை. ரேமை 128 ஆக்கலாமா, இல்லை 4090 வாங்கலாமா?

நிறத்தச்சன்:
ரெண்டும் வேண்டாம். முதல்ல கிளிப்பை மீடியாஇன்ஃபோவில் (ஃபைல் விவரம் காட்டுற மென்பொருள்) திறந்து குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவலை எவ்வளவு குறைச்சுச் சேமிச்சிருக்குங்கிறது: 4:4:4 முழுசு, 4:2:2 பாதி, 4:2:0 கால்) எவ்வளவுன்னு பாருங்க. அப்புறம் கிளிப் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் போய் 'வீடியோ டிகோட்' (சுருக்கின வீடியோவைப் பிரிக்கிற வேலை) வரைபடத்தைக் கவனிங்க. 4:2:2-ன்னு இருந்து, டிகோட் பூஜ்யத்துல கிடந்து, சிபியு மட்டும் எகிறினா விஷயம் முடிஞ்சது. ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கார்டுகளில் இருக்கிற டிகோடர் எச்.265-ல் 4:2:0, 4:4:4 ரெண்டையும் பிரிக்கும், 4:2:2-வைத் தொடாது. 4090-க்கும் இதே நிலைமைதான். 50 வரிசையில்தான் அது வந்தது. உங்க ரைசனுக்குள்ள இருக்கிற சின்ன கிராஃபிக்ஸும் இதுக்கு உதவாது. ஆக மொத்த வேலையும் சிபியு தலையில்.

இன்டெலில் 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து குயிக் சிங்க் (உள் கிராஃபிக்ஸில் இருக்கிற வீடியோ டிகோடர்) இதைச் செய்யும் (பேர் முடிவில் 'எஃப்' இருந்தா உள் கிராஃபிக்ஸ் கிடையாது, ஏமாந்துடாதீங்க). போர்டில் ஸ்லாட் காலியா இருந்தா இன்டெலோட ஆர்க் ஏ380 மாதிரி சின்ன கார்டு ஒண்ணைச் சேர்த்து, ப்ரிஃபரன்சஸ் → சிஸ்டம் → டிகோட் ஆப்ஷன்ஸில் இன்டெலை டிக் பண்ணினாப் போதும்.

கட்டிங்_மேசை:
கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் வச்சுக்கிற, சுலபமாப் பிரியுற சின்ன நகல்) போடுங்க, செலவே இல்லை.

பின்னாடி இழுக்கும்போது ஏன் உறையுதுன்னா, இது லாங்-ஜிஓபி. முழுப் படம் எப்பவாவது ஒண்ணுதான் வரும். நடுவுல உள்ள ஃப்ரேம்கள் முன்பின் ஃப்ரேம்களோட வித்தியாசத்தை மட்டும் வச்சிருக்கும். ஒரு ஃப்ரேம் பின்னாடி போகணும்னாலும் முந்தைய முழுப் படத்துல ஆரம்பிச்சு மறுபடி பிரிச்சுக்கிட்டு வரணும். டைம்லைனைப் பாதியாக்கியும் பலன் இல்லாததுக்கும் காரணம் இதுதான்: ரா (சென்சார் தந்த மூலத் தரவு) ஃபைலைக் குறைஞ்ச அளவில் பிரிக்க முடியும், எச்.265-ஐ முழுசாப் பிரிச்ச பிறகுதான் சுருக்க முடியும்.

ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் → மாஸ்டர் செட்டிங்ஸில் ப்ராக்ஸி அளவு 'ஹாஃப்', ஃபார்மட் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி (எடிட்டிங்குக்கான லேசான ஃபார்மட்). மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா'. ராத்திரி ஓட விட்டுடுங்க. 1080-ல் 50 ஃப்ரேமுக்கு மணிக்குச் சுமார் 33 ஜிபி வரும். ஒரிஜினலே மணிக்கு 90 ஜிபி. முடிஞ்சதும் ப்ளேபேக் → ப்ராக்ஸி ஹேண்ட்லிங்கில் 'ப்ரிஃபர் ப்ராக்ஸீஸ்'.

பெட்டி_திறப்பவர்:
டிரைவ் மேல சந்தேகமே வேண்டாம். 200 எம்பிபிஎஸ்னா நொடிக்கு வெறும் 25 எம்பி, பழைய ஹார்ட் டிஸ்க்கே தரும். நாலு கேமரா மல்டிகேம்னா வேற கதை. ஆனா டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்க. 4800-ன்னு காட்டி, நீங்க வாங்கினது 6000-ன்னா பயாஸில் எக்ஸ்போ (ரேமை அதோட முழு வேகத்தில் ஓட்டுற அமைப்பு) ஆன் ஆகலை. சிபியு டிகோட் பண்ணும்போது அதுவும் கொஞ்சம் உறைக்கும்.

வெட்டு_ஒட்டு:
பார்த்தேன்: 4:2:2, டிகோட் 0%, சிபியு 90-ஐத் தொடுது. எக்ஸ்போ ஆன்லதான் இருக்கு. ப்ராக்ஸி போட்ட கிளிப் 50 ஃப்ரேமில் வழுக்கிட்டுப் போகுது. இனிமே 4:2:0-ல் ஷூட் பண்ணினா தரம் அடி வாங்குமா?

நிறத்தச்சன்:
கிரீன் ஸ்கிரீன் கீயிங்னா (பச்சைப் பின்னணியை நீக்குறது) 4:2:2-வை விடாதீங்க, ஓரங்களில் வித்தியாசம் தெரியும். கல்யாணம், பேட்டி மாதிரி வேலைக்கு 10 பிட் 4:2:0 தாராளம், உங்க 4070-யே அதைப் பிரிச்சுடும். ஆல்-இன்ட்ராவும் (ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம்) ஒரு வழிதான், ஆனா 4கே 50-க்கு 500 எம்பிபிஎஸ் எழுதுற கேமராவில் மணிக்கு 225 ஜிபி போயிடும்.

கட்டிங்_மேசை:
ஒண்ணு விட்டுப்போச்சு. டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி 8 பிட்தான். கலர் பக்கம் போகும்போது 'ப்ரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ்'க்கு மாத்திடுங்க. டெலிவர் பக்கம் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'யூஸ் ப்ராக்ஸி மீடியா' டிக் இருந்தா எடுத்துடுங்க, இல்லேன்னா 1080 ப்ராக்ஸியே 4கே-வா ஊதிப் பெருத்து வெளியே வரும்.