செத்துக் கிடந்தது வராலா இல்லையா?

ஆற்றங்கரையான்:
இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்து ஓடையில் மீன் செத்து மிதந்ததற்கு, “கேரளத்துக் கழிவு லாரிதான் காரணம், ராத்திரி கொட்டிவிட்டுப் போய்விட்டான்” என்று பால்வெட்டு அண்ணன் படங்களோடு இங்கே எழுதினார். உடனே ஆளாளுக்குக் கைதட்டல். லாரியைப் பார்த்தவர் யார்? நம்பர் உண்டா? டயர்த் தடமாவது உண்டா?

நான் அன்று காலை ஆறு மணிக்கே ஓடையில் இறங்கியவன். தண்ணீர் கஞ்சி வடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. புளித்த நாற்றம். கெண்டையும் சிலேபியும் வாயைப் பிளந்து, செவுள் விரிந்து, கரையோரம் ஒதுங்கியிருந்தன. ஆனால் ஒரு வரால் சாகவில்லை. வரால் மேலே வந்து காற்றை நேராக விழுங்குகிற ஜாதி. தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் தப்பித்துக்கொள்ளும். மற்றது எல்லாம் செத்து வரால் மட்டும் பிழைத்தால் அது விஷம் இல்லை, மூச்சுமுட்டல். மூச்சை முட்ட வைத்தது மேலே ரப்பர் ஷீட் அடிக்கிற புரைகளிலிருந்து, அதாவது கொட்டகைகளிலிருந்து, வருகிற தண்ணீர். கசப்பாக இருந்தாலும் அதுதான் விஷயம்.

பால்வெட்டு:
பெயரைச் சொல்லித்தான் எழுத வேண்டுமா ஓய்? சரி, எழுதியாயிற்று. நான் போட்ட இரண்டாவது படத்தைப் பாரும். இடது மூலை, பாறைக்கு அடியில், கறுப்பாக நீளமாக ஒன்று கிடக்கிறதே, அது என்ன? வரால். செத்த வரால். வரால் செத்தால் விஷம் என்று சொன்னது நீர்தான். அப்படியென்றால் லாரிதான். முடிந்தது வழக்கு.

ஆற்றங்கரையான்:
அது பழைய சைக்கிள் டியூப்.

பால்வெட்டு:
டியூபுக்குக் கண் இருக்குமா?

ஆற்றங்கரையான்:
நீர் கண் என்று நினைப்பது வால்வு.

பாறசாலைக்காரி:
எதற்கெடுத்தாலும் கேரளம், கேரளம். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், எனக்கும் இரண்டு பக்கமும் தெரியும். 2024 மே மாதம் கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூர், எடையாறு ஓரமாகப் பெரியாற்றில் மீன் கொத்துக்கொத்தாகச் செத்தது. கூண்டு கட்டி மீன் வளர்த்தவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். மாசு வாரியம் என்ன சொன்னது? பாதாளம் என்கிற இடத்துத் தடுப்பணை ஷட்டரைத் திறந்ததில் தேங்கிக் கிடந்த அழுக்கு இறங்கி ஆக்சிஜன் குறைந்தது என்றது. மீன்வளப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தண்ணீரில் அம்மோனியாவும் சல்பைடும் அபாய அளவில் இருக்கிறது என்றார்கள். நாங்கள் எங்கள் ஆலைகளையும் எங்கள் வாரியத்தையும்தான் கேள்வி கேட்டோம். ‘தமிழ்நாட்டு லாரி’ என்று யாரும் சொல்லவில்லை.

பால்வெட்டு:
அக்கா, அதே வருஷம் டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூரில் கொட்டிக் கிடந்த ஊசியும் பஞ்சும் எங்கிருந்து வந்தன? திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு. மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போ என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதானே உங்கள் ஆட்கள் லாரியோடு வந்து அள்ளினார்கள்? எல்லையில் களியக்காவிளையில் கோழிக்கழிவு வண்டி பிடிபடாத மாதம் உண்டா? நான் கனவு கண்டு எழுதவில்லை.

பாறசாலைக்காரி:
அது நடந்தது, வெட்கம்தான். அது நடந்ததால் உங்கள் ஓடையில் நடப்பது எல்லாம் எங்கள் கணக்கா?

நாஞ்சிலான்:
சிறு திருத்தம். சிலர் ‘விரால்’ என்று எழுதுகிறார்கள். வரால் என்பதுதான் பழைய வடிவம். சங்கப் பாட்டில் வராஅல் என்றே வருகிறது. மலையாளத்திலும் வரால். நம் பேச்சில் இருப்பதைச் சென்னைக்காரன் மாதிரி மாற்றாதீர்கள்.

ஆற்றங்கரையான்:
இங்கே யாரும் விரால் என்று எழுதவில்லை அண்ணாச்சி. எழுதாத தப்பைத் திருத்துகிறீர்கள்.

நாஞ்சிலான்:
எழுதிவிடக் கூடாதே என்றுதான்.

பால்வெட்டு:
விஷயத்துக்கு வாருங்கள். ஷீட் தண்ணீர் என்கிறாரே, ஐம்பது வருஷமாக எங்கள் அப்பா காலத்திலிருந்து ஷீட் அடிக்கிறோம். அப்போது சாகாத மீன் இப்போது ஏன் சாகிறது? நாங்கள் ரப்பர் பாலில் விடுவது ஃபார்மிக் ஆசிட். எறும்புக் கடியில் இருக்கிற சமாச்சாரம் அது. எறும்பு கடித்து யாரும் செத்துக் கேள்விப்பட்டதில்லை.

ஆற்றங்கரையான்:
எறும்பு கேன் கேனாகக் கடிப்பதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிரட்டையில் விழுகிற பாலில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்குதான் ரப்பர். மிச்சம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் புரதம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. டிஷ்ஷில், அதாவது தட்டில், ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்துப் பிழிந்தால் அதெல்லாம் வாய்க்காலுக்கு வருகிறது. ஓடையில் உள்ள பாக்டீரியாவுக்கு அது விருந்து. தின்னத் தின்னத் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் மேலே வந்து வாயைத் திறக்கும். அதிலும் ராத்திரி பாசியும் மூச்சு விடுவதால் விடிகிற நேரத்தில்தான் மிகக் குறைவு. அதனால்தான் காலையில் செத்துக் கிடக்கிறது.

அப்பா காலத்தில் ஏன் சாகவில்லை? அப்போது மாசியிலும் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது, அடியில் மணல் இருந்தது. மணலை அள்ளி விற்றது யார் என்று நான் சொல்ல வேண்டாம். இப்போது கணுக்கால் அளவுதான், அதுவும் வெந்நீர். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. அதில் பத்து புரைத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்?

இன்னொரு தடவை சொல்கிறேன். வரால் சாகவில்லை.

பால்வெட்டு:
மணல் அள்ளியது என் தாய்மாமன், அவர் இறந்தும் பதினைந்து வருஷம் ஆகிறது. இறந்தவரை இழுக்கிறவர் உம் மச்சினன் பன்றிப் பண்ணையைப் பற்றியும் எழுதும். எதைத் தின்கிறது அந்தப் பன்றி? எல்லை தாண்டி வருகிற ஓட்டல் மிச்சம். தொட்டி கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது? அதே ஓடைக்கு.

ஆற்றங்கரையான்:
என் மச்சினன் இருப்பது ஓடைக்குக் கீழே. மீன் செத்தது மேலே. தண்ணீர் மேல்நோக்கி ஓடாது, உமக்கு வசதி என்பதற்காகக்கூட.

பால்வெட்டு:
ஆகக் கீழே சாகிற மீனுக்கு அவர் பொறுப்பு. சரி, ஒத்துக்கொண்டீர்.

கடலோரம்:
தேங்காய்ப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் மேலே யார் யாரைக் குற்றம் சொன்னாலும், கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாக எல்லாம் கடைசியில் ஆறு கடலில் சேருகிற எங்கள் பொழிமுகத்துக்குத்தான் வருகிறது. மணல் அடைத்துப் பொழி மூடிக் கிடக்கிற நாளில் வந்து பாருங்கள். வலையை இழுத்தால் டயப்பர், பால் கவர், சாராயப் பாட்டில். அதற்கு நடுவில் இரண்டு கரிமீன். எங்களுக்கு எந்த ஊர்க் கழிவு என்று பிரித்துத் தெரியாது.

ஆற்றங்கரையான்:
உங்கள் ஊரில் மாதக்கணக்கில் கதம்பையை, தேங்காய் மட்டையை, தண்ணீரில் அழுகப் போடுவதில்லையா? அந்த அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கதம்பை போட்ட இடத்தில் மீன் குஞ்சு தங்குமா?

கடலோரம்:
எதிர்பார்த்தேன். கதம்பை அழுகப்போட்டுத்தான் எங்கள் அம்மா கயிறு திரித்து எங்களைப் படிக்க வைத்தாள். உங்கள் புரைக்கு இருக்கிற மரியாதை அவள் குழிக்குக் கிடையாதோ?

ஆற்றங்கரையான்:
எனக்குப் புரையே கிடையாது. அதைத்தானே மேலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்.

பெட்டிக்கடை:
ஒரு விஷயம். மீன் செத்ததற்கு முந்தின ராத்திரி நம் கடையில் மூன்று பையன்கள் வந்து இரண்டு கிலோ ப்ளீச்சிங் பவுடர் வாங்கினார்கள். ஒருவன் கையில் சாக்கு, ஒருவன் கையில் டார்ச். கிணற்றுக்கு என்றார்கள். அந்த வீட்டில் கிணறு கிடையாது.

பால்வெட்டு:
கடைக் கணக்கை எல்லாம் இங்கே எழுத வேண்டாம் தம்பி. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆற்றங்கரையான்:
ப்ளீச்சிங் என்றால் அந்த நெடி மூக்கில் ஏறும். நான் மோந்தது புளிப்பு. தவிர, ப்ளீச்சிங் என்றால் வராலுக்கும் செவுள் வெந்திருக்கும். வரால் சாகவில்லை.

பாறசாலைக்காரி:
பையன் சொல்வதைக் கொஞ்சம் கேட்கலாமே.

நாஞ்சிலான்:
குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்குப் பிறகும் நாம் திருவிதாங்கூர் எல்லைக்குள்ளேயே சண்டை போடுகிறோம். அப்புறம் கேரளத்து நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயில் 2004 முதல் நம் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் வராததைப் பற்றிக் கேரளத்து அக்கா என்ன சொல்கிறார்?

பாறசாலைக்காரி:
ஷட்டர் சாவி என் முந்தானையில் இல்லை அண்ணாச்சி.

பால்வெட்டு:
பேச்சை மாற்றாதீர்கள். நான் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கி மறுபடியும் போட்டிருக்கிறேன். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே நீளமாகப் போகிறது. பாம்புத் தலை. வேறு எந்த மீனுக்கு அப்படி?

ஆற்றங்கரையான்:
பெரிதாக்கியதில் மங்கிப் போனதுதான் மிச்சம். நீர் துடுப்பு என்பது பாறையின் நிழல். அப்படியே மீன் என்று வைத்துக்கொண்டாலும் கெளுத்தியாக இருக்கலாம். மீசை தெரிகிறது.

பால்வெட்டு:
முதலில் டியூப் என்றீர். இப்போது மீசை வைத்த டியூபா?

ஆற்றங்கரையான்:
டியூப்தான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கடலோரம்:
இரண்டு பேரும் அந்த இடத்துக்குப் போய்க் கம்பால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தால் போதுமே.

ஆற்றங்கரையான்:
நான் தயார். நாளைக் காலை ஆறு மணி, பாறைக்குப் பக்கத்தில். வரச் சொல்லுங்கள் அவரை.

பால்வெட்டு:
ஆறு மணிக்கு எனக்குப் பால் வெட்டு இருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறார். பத்து மணிக்கு வாரும்.

ஆற்றங்கரையான்:
பத்து மணிக்கு நீர் ஷீட் அடித்துக்கொண்டிருப்பீர். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அப்படியே ஒரு படம் எடுத்துப் போடும்.

பால்வெட்டு:
முதலில் மூலையைப் பாரும். கறுப்பாக, நீளமாக. வரால்.