ஆர்டிஏ கலைச்சொற்கள்: ‘மேனிஃபெஸ்டேஷன்’ என்பதற்கு ‘வெளியுரு’

நண்பர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் தமிழ் நூல்களைப் பட்டியலிடும் நூலகர்களுக்காக ஆர்டிஏ என்னும் பன்னாட்டு நூற்பட்டியல் விதிமுறையைத் தமிழிலேயே அறிமுகப்படுத்தும் பாடக்குறிப்பு ஒன்றை எழுதி வருகிறேன். 1978இல் வந்த ஏஏசிஆர்2 என்னும் பழைய பட்டியல் விதிகளின் இடத்தில் 2010இல் வெளியான இவ்விதிமுறை, பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட கருத்து மாதிரியின் மேல் நிற்பதால், ‘வொர்க், எக்ஸ்பிரஷன், மேனிஃபெஸ்டேஷன், ஐட்டம்’ என்னும் நான்கு படிநிலைகளுக்கும் தெளிவான தமிழ்ச் சொற்கள் இல்லாமல் பாடத்தைத் தொடங்கவே இயலாது. சுருக்கமாக, முதலாவது ஆசிரியரின் ஆக்கம்; இரண்டாவது அது மொழியில் பெறும் வடிவம்; மூன்றாவது அவ்வடிவம் அச்சிலோ சுவடியிலோ மின்னூலிலோ வெளிவரும் உரு; நான்காவது கையில் உள்ள ஒற்றைப் பிரதி. இச்சொற்கள் பற்றி நம்மிடையே முன்பு வந்த பரிந்துரைகளுக்கு என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலாவதற்குப் ‘படைப்பு’, கடைசிக்குப் ‘படி’ என்பதில் கருத்து வேறுபாடு இராது. இரண்டாவதற்கு ‘வெளிப்பாடு’ என்ற சொல் முன்மொழியப்பட்டது. அது மூன்றாவதற்கும் அப்படியே பொருந்திவிடுவதால் ‘வடிப்பு’ என்பதையே விரும்புகிறேன். கவிதை வடித்தல், சிலை வடித்தல் என்னும் வழக்குகள் அதற்குத் துணையாக உள்ளன.

சிக்கல் மூன்றாவதில்தான். ‘பதிப்பு’ எனலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் ‘மூன்றாம் பதிப்பு’ என்று தலைப்புப் பக்கத்தில் உள்ளதை எழுதும் பதிப்புக் கூற்று, நூற்பட்டியலின் இதே பதிவில் தனிக்கூறாக வருகிறது. ஒரே சொல் இரண்டு இடத்தில் நின்றால் புதியவர் தடுமாறுவார். ‘வெளியீடு’ நல்ல சொல்லே எனினும், யாரும் வெளியிடாத ஓலைச்சுவடிக்கும் இப்படிநிலை உண்டு என்பதால் அங்கே பொருந்தாது.

‘பருவுரு’ என்ற பரிந்துரை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1962இல் இதே ஊரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவிய நூலகவியல் அறிஞர் சீர்காழி இரங்கநாதன், நூலுக்கு உயிர், நுண்ணுடல், பருவுடல் என மூன்று உண்டு என்றார். கருத்து உயிர், மொழிவடிவம் நுண்ணுடல், தாளும் கட்டும் பருவுடல். சைவ சித்தாந்தம் அறிந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆயினும் அவருடைய பருவுடலுக்குள் மேனிஃபெஸ்டேஷனும் ஐட்டமும் ஒன்றாய் அடங்கிவிடுகின்றன. மின்னூலுக்கோ பருமையே இல்லை.

எனவே ‘வெளியுரு’ என்பதை முன்வைக்கிறேன். திருக்குறளில் பொருத்திப் பாருங்கள். குறள் ஒரு படைப்பு. அதன் தமிழ் மூலம் ஒரு வடிப்பு, போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு வடிப்பு. பரிமேலழகர் உரையோ குறளின் வடிப்பன்று, தனிப் படைப்பு. ஆகவே மூலமும் அவ்வுரையும் சேர்ந்த அச்சுநூல், இரு படைப்புகளின் வடிப்புகளைத் தாங்கிய ஒரே வெளியுரு. உரையை மூலத்தின் நிழலாகவே பதிந்து பழகியவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே பாடத்தில் பெரும்பகுதி என்பேன். பதிவில் மொழி என்னும் கூறு வடிப்புக்கு உரியது. ஐஎஸ்பிஎன்னும் பக்க எண்ணிக்கையும் வெளியுருவுக்கு உரியவை. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் மையால் எழுதும் சேர்க்கை எண், அதாவது நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண், படிக்கு உரியது. ஓலைச்சுவடியில் ஒரு வெளியுருவுக்கு ஒரே படி, அவ்வளவுதான்.

உறவுகளைக் குறிக்கும் வினைகளையும் முடிவு செய்ய வேண்டும். படைப்பு வடிப்பாக ‘வடிவம் கொள்கிறது’, வடிப்பு வெளியுருவில் ‘உருப்பெறுகிறது’ என எழுதியுள்ளேன். வெளியுருவுக்கும் படிக்கும் இடையிலான உறவுக்குப் பொருத்தமான வினை இன்னும் அமையவில்லை; சுவடிப் பதிப்பில் பழகியவர்கள் ஒரு சொல் தந்தால் பாடக்குறிப்பில் சேர்த்துக்கொள்வேன்.