லண்டன் மரதன்: எங்கே நின்றால் மனுசியைப் பார்க்கலாம்?

ஈஸ்ட்ஹாம்காரன்:
வருகிற ஏப்ரலில் மனுசி லண்டன் மரதன் ஓடுகிறா. முதல் தடவை. ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கும் என்கிறா. நான், ஐந்து வயது மகன், முழங்கால் வருத்தம் உள்ள மாமி மூவரும் போகிறோம். கட்டி சார்க் கப்பலடி, டவர் பாலம், கனரி வோர்ஃப், கடைசியில் முடிவுக்கோடு இருக்கும் த மால் வீதி என்று நாலு இடத்தில் பார்க்கத் திட்டம். சரிவருமா? போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கோ.

இல்ஃபோர்ட் அக்கா:
தம்பி, இந்தத் திட்டத்தில் மனுசிக்கு முதல் மாமி களைத்து விழுந்துவிடுவா. கட்டி சார்க்கிலும் டவர் பாலத்திலும் சனம் நெருக்கியடிக்கும், பிள்ளைக்கு ஆட்களின் முதுகுதான் தெரியும். நான் மகனுக்காகப் போனால் நிற்பது ஒரே இடம், த ஹைவே என்ற வீதி. ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் எடுத்து வைட்சப்பலில் ஓவர்கிரவுண்டுக்கு மாறுங்கோ, அடுத்த நிலையம் ஷட்வெல். அங்கேயிருந்து தெற்கே கொஞ்ச நடை.

டவர் பாலம் தாண்டி வருபவர்கள் 13ஆம் மைலுக்குக் கிட்ட அந்த வீதியால் கிழக்கே போகிறார்கள். கனரி வோர்ஃபைச் சுற்றிவிட்டு 22ஆம் மைல் அளவில் அதே வீதியால் திரும்புகிறார்கள். ஆக, நின்ற இடத்திலேயே இரண்டு தரம் பார்க்கலாம். இடையில் உங்கள் மனுசியின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் இருக்கும். மாமிக்கு மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோங்கோ.

திரும்பி வருபவர்கள் ஓடும் பக்கமாகப் பார்த்து நில்லுங்கோ. போகும்போது அவ தெம்பாக இருப்பா, எதிர்ப்பக்கத்திலிருந்து கை காட்டினால் போதும். 22இல்தான் கிட்ட நிற்க வேணும். அவவின் எந்தக் கையின் பக்கம் நிற்பீர்கள் என்று முதல் நாளே சொல்லிவையுங்கோ, அந்தச் சனத்துக்குள் அவ உங்களைத் தேடமாட்டா. எத்தனை மணிக்குத் தொடக்கக் கோட்டைத் தாண்டுவா என்றும் கேளுங்கோ. அலை அலையாகத்தான் விடுவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை.

ஓடிக் களைத்தவன்:
அக்கா சொன்ன இடம் நல்லது. அண்ணை, ஒன்றே ஒன்று. 22ஆம் மைலில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ. நாலு மைலுக்கு மேலே மிச்சம், அவவின் வேகத்துக்கு அது ஒரு மணித்தியாலம் அளவில் வரும். தசைகளில் சேமித்த சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துபோகிற கட்டம் அது, கோபம்தான் வரும். என் அம்மா வேலியில் சாய்ந்துகொண்டு "மெதுவாப் போ பிள்ளை, அவசரம் ஒன்றுமில்லை" என்றா. அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் கால் வந்தது.

பனியனில் பெயரைப் பெரிதாக ஒட்டச் சொல்லுங்கோ. முழுப்பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயர். அப்போதுதான் வெள்ளைக்காரச் சனமும் கூப்பிடும்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
நன்றி இருவருக்கும். கடைசியில் த மாலுக்கும் ஓடிப்போகலாமா? மாமி இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்து வழியிலேயே கொடுக்க வேணும் என்று நிற்கிறா.

இல்ஃபோர்ட் அக்கா:
வழியில் வேண்டவே வேண்டாம், வயிறு பிரட்டும். ஓட்டம் முடிந்தபிறகு கொடுக்கட்டும். முடிவுக்கோட்டைப் பார்க்க மினக்கெடாமல், 22இல் பார்த்த கையோடு ரயில் ஏறி, த மாலுக்குக் கிட்ட இருக்கும் ஹோர்ஸ் கார்ட்ஸ் பக்கம் போங்கோ. சந்திப்பதற்கு அங்கே ஆங்கில எழுத்துப் பலகைகள் வைத்திருப்பார்கள். எஸ் எழுத்தடியில் நிற்காதேங்கோ, சிவா, செல்வா, சுப்பிரமணியம் என்று எங்கட ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள், போதாததற்கு ஸ்மித்மாரும். எக்ஸ் அடியில் ஆளே இருக்காது. போன் இணைப்பு மந்தமாக இருக்கும், ஆகவே எழுத்தை முதல் நாளே பேசி வையுங்கோ. இடியப்பத்தோடு ஒரு சோடி செருப்பும் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுங்கோ. சப்பாத்தைக் கழற்றினால் திரும்பப் போட ஏலாது.