புதுப்பிப்பு: எக்ஸ்ரே நார்மல், ஆனாலும் கழுத்து திரும்பவில்லை

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பின்னால் வந்த கார் இடித்தால் கழுத்தை எப்படிக் கவனிப்பது என்று முன்பு எழுதியிருந்தேன். 'எக்ஸ்ரே நார்மல், பிறகு ஏன் மறுநாள் வலி?' என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். இழுபட்ட தசையும் தசைநாரும் அதில் தெரியாது. வீக்கம் மெல்ல ஏறுவதால் வலி ஓரிரு நாள் கழித்தும் வரலாம்.

தீவிரத்தை அளக்க, இப்படிப்பட்ட கழுத்துக் காயங்களை நிலைகளாகப் பிரிக்கும், 1995இல் வந்த கியூபெக் வகைப்பாடு உதவும். வலியும் விறைப்பும் மட்டும் என்றால் நிலை 1. பரிசோதனையில் அசைவு குறைந்து, தொட்டால் வலித்தால் 2. கையில் பலம் குறைந்தாலோ உணர்ச்சி மங்கினாலோ 3. எலும்பு முறிவு, விலகல் 4. கை மரத்தாலே வீட்டில் காத்திருக்காதீர்கள். நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் கழுத்தை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். 65 வயதைத் தொட்டவர்களுக்கு வலி லேசாக இருந்தாலும் ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

காலர் (கழுத்துப் பட்டை) பற்றி முந்தைய பதிவில் நான் எழுதியது தெளிவாக இல்லை, திருத்துகிறேன். 1, 2 நிலைகளில் வாரக்கணக்கில் காலர் போட்டால் கழுத்து இன்னும் இறுகும். முறிவு இல்லை என்று உறுதியானதும் இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பழகுவதே நல்லது.

இனி இடிபட்டாலும் கழுத்தைக் காக்க, கார் இருக்கையில் தலை சாயும் ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு உச்சந்தலை மட்டத்தில் இருக்கட்டும். பின்மண்டைக்கும் அதற்கும் இடைவெளி 5 செ.மீ.க்குள்.